ஈன்ற ஆடும் இளங்குட்டிகளும்

தறியும் சிறு நிலமும் கொண்ட குடும்பத்திற்கு வெள்ளாடு கைமுதல் போன்றது. ஆயினும் ஈன்ற முதல் நாளில் கவனம் தவறினால், ஐந்து மாத உழைப்பு வீணாகிவிடும். முதுநகர் முதல் சிதம்பரம் வரையுள்ள நம் பகுதியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். வைகாசியில் சினைப்பட்ட ஆடு, அடைமழை பொழியும் ஐப்பசியில் ஈனும்.

ஈனுமுன்: ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டால், அதன் பயன் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் சேரும். மழைநீர் புகாத மேட்டிடத்தில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி வைக்க வேண்டும்.

ஈன்றவுடன்: குட்டியின் மூக்கிலும் வாயிலுமுள்ள சளியைத் துடைத்துத் தாயை நக்கவிடுக. தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே சுத்தமான கத்தியால் அறுக்க வேண்டும். தறிநூலேயாயினும் டிங்சர் அயோடினில் தோய்த்த பின்னரே கட்டுதல் நலம். அறுத்த முனையிலும் அம்மருந்தைத் தடவுக. கிருமிகள் உட்புகும் வாயில் அதுவே.

சீம்பால்: நஞ்சுக்கொடி விழும்வரை குட்டிகளை ஊட்டவிடாமல் தடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது தவறு. ஆட்டுக்குட்டி நோயெதிர்ப்பு ஆற்றல் இன்றியே பிறக்கிறது. அவ்வாற்றலைச் சீம்பால்தான் அளிக்கிறது. அதை ஏற்கும் திறன் குட்டியின் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய அற்றுவிடும். ஆகவே ஒரு மணி நேரத்திற்குள் முதல் ஊட்டு நடைபெற வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 கிராம் சீம்பால், நான்கைந்து தடவையாகத் தேவை. குட்டி ஊட்டுவதே நஞ்சுக்கொடி விழவும் துணை செய்யும். தாய் இறந்துபோனால், அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலை இளஞ்சூட்டில் கொடுக்கலாம், காய்ச்சலாகாது.

தாய்க்கு: வெல்லம் கலந்த வெந்நீரும் சிறிது தவிடும் முதலில் கொடுக்கலாம். பின்னர் அகத்தித் தழை, மணிலாக்கொடி ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கூட்டுக. தானியத்தைத் திடீரென மிகுதியாகக் கொடுத்தல் கூடாது. நஞ்சுக்கொடியைக் கையால் இழுக்கலாகாது. பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் விழாவிடில் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

தடுப்பூசி: ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987ஆம் ஆண்டில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து அரசூரில் ஆகும். அங்கே கிடைத்த கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பின்னர் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. எதிர்ப்பாற்றல் பெற்ற தாயின் சீம்பால் குட்டியைச் சுமார் மூன்று மாதம் காக்கும். அதன்பின் அக்காவல் நீங்குவதால், நான்காம் மாதத்தில் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

அங்கத்தினர்கள் கலந்தாராய வேண்டிய வினாக்கள்:

1. நம் ஊரில் சீம்பாலைத் தாமதிக்கும் வழக்கம் உண்டா?

2. ஐப்பசியில் ஈனவுள்ள ஆடுகள் எத்தனை? அவற்றிற்கு மழை ஒதுங்கும் இடம் உளதா?

3. சங்கத்தின் பெயரால் மருத்துவரை ஒரே நாளில் வரவழைத்து, எல்லாருடைய ஆடுகளுக்கும் தடுப்பூசி போட இயலுமா?