ஓட்டும்முன் ஓர் ஆய்வு

நுழையும்முன்
புதிய பொருள் என்றாலே அது குறையற்றது என நம்புவது மனித இயல்பு. உயிரைச் சுமந்து ஓடும் ஊர்திக்கு அந்நம்பிக்கை மட்டும் போதாது. புதிய விசையுந்தை முதன்முதலாக ஓட்டும்முன் செய்யவேண்டிய ஆய்வினை இப்பாடம் விளக்குகிறது.

தகுதி ஆராய்ந்த ஊர்
காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊராட்சி உறுப்பினர்க்குரிய தகுதிகளை விரித்துரைக்கின்றன. வயது, நிலவுடைமை, கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றில் தகுதியுடையோர் பெயர்களே குடத்தில் இடப்பட்டன. பொறுப்பை ஒப்படைக்கும்முன் ஆராய்தல் என்னும் அந்நெறி இயந்திரத்திற்கும் பொருந்தும். இன்று இம்மாவட்டம் ஊர்தித் தொழிலிலும் பெயர் பெற்றுள்ளது. ஒரகடத்தில் 2013ஆம் ஆண்டிலும் வல்லம் வடகாலில் 2017ஆம் ஆண்டிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின.

மசகின் பணி
ஏரிக்கரையிலும் வண்டித்தடத்திலும் ஓடும் மண்பாதை விசையுந்தைச் சேறும் நீரும் புழுதியும் ஓயாது தாக்கும். கைப்பிடித் தண்டு திரும்புமிடத்திலும் பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டம் அசையுமிடத்திலும் உருளைத் தாங்கிகள், அதாவது பேரிங்குகள், உள்ளன. அவற்றில் இடப்படும் மசகு உராய்வைக் குறைக்கிறது. நீர் புகாமல் தடுத்துத் துருவிலிருந்தும் காக்கிறது. மசகு குறைந்தால் தாங்கி தேயும், கைப்பிடி இறுகும். வளைவில் இறுகும் கைப்பிடி ஓட்டுநரின் உயிருக்கே ஊறாகும். ஆதலால், தேர்ந்த இயந்திரப் பணியாளரைக் கொண்டு அவ்விடங்களைத் திறந்து பார்த்து, போதிய மசகு இடச் செய்தல் நன்று.

ஆய்வு முறை
முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கைப்பிடியை இருபுறமும் திருப்பவேண்டும். இடையில் தடைபட்டால் இறுக்கம் மிகுதி. முன்பின் அசைக்கும்போது தட்டும் ஒலி எழுந்தால் தளர்வு மிகுதி. திருகாணிகளைக் கையேடு குறிப்பிடும் அளவிற்கு, முறுக்குவிசை காட்டும் திருகியால் முடுக்கவேண்டும். ஆரக்கால்களின் இறுக்கம், சங்கிலியின் தொய்வு, சக்கரக் காற்றழுத்தம், எண்ணெய் அளவு, காற்று வடிகட்டி ஆகியவற்றையும் நோக்கவேண்டும். தடைத்தட்டில் மசகு சிறிதும் படலாகாது. பட்டால் ஊர்தி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது.

முதல் ஓட்டத்தில் புதிய உறுப்புகள் தம் இடத்தில் படியும். அதனால் ஆரக்கால்களும் திருகாணிகளும் தளரக்கூடும். எனவே, ஓட்டி வந்தபின் மீண்டும் ஒருமுறை ஆராய்தல் வேண்டும். விசையுந்தின் புதுமை சில நாள்களில் மறையும். பேணும் பழக்கமோ ஓட்டுநரை நெடுங்காலம் காக்கும்.

தெரியுமா?
மாட்டுவண்டி அச்சிற்கு, வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ‘வண்டி மை’யாக இட்டனர். அதுவே நம் சிற்றூர்கள் அறிந்த மசகு.

கற்பவை கற்றபின்...
1. உங்கள் மிதிவண்டியில் மசகு தேவைப்படும் இடங்களைக் கண்டறிந்து பட்டியலிடுக.
2. பற்சக்கரம் கொண்ட விசையுந்தை ஓட்ட உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்கவேண்டும் என்னும் சட்டத்தின் தேவை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.