டிடெக்டர் வாங்கியாச்சு, தங்கம் எங்கே?

கேள்வி: மெல்போர்னில் எட்டு வருடமாக இருக்கிறேன். ஐ.டி. வேலை. தங்கம் தேடும் ஆசையில், சேமிப்பின் பெரும்பகுதியைப் போட்டு மைன்லேப் ஜி.பி.எக்ஸ் 6000 டிடெக்டர் வாங்கிவிட்டேன். வீட்டுக் கொல்லையில் ஆன் செய்தால் ஒரே இரைச்சல். டனோலி பக்கம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன்; ஆணியும் ஈயக்குண்டும்தான் கிடைத்தன. எந்த செட்டிங் வைத்தால் தங்கத்தை மட்டும் காட்டும்? விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, காரைக்குடி பக்கம் தாத்தா வீட்டுத் தோட்டத்திலும் தேடிப் பார்க்கலாமா?
ஒரு வாசகர், மெல்போர்ன்

பதில்: தங்கத்தை மட்டும் காட்டும் செட்டிங் அந்தக் கருவியில் கிடையாது. இரும்பை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சொல்லும் வசதியையே அதில் வைக்கவில்லை. அது பல்ஸ் வகை டிடெக்டர். காயில் வழியாக மின்துடிப்பை மண்ணுக்குள் அனுப்பும். துடிப்பு நின்றதும், உலோகத்துக்குள் சுழன்று அடங்குகிற மின்னோட்டத்தைக் கவனிக்கும். விக்டோரியாவின் செம்மண்ணில் இரும்புத் தாது அதிகம். சாதாரண டிடெக்டரைக் கொண்டுபோனால் மண்ணைப் பார்த்தே கத்தும். அந்த மண்ணின் சத்தத்தை விலக்கி, அடியில் கிடப்பதைக் கேட்கவைப்பதற்குத்தான் நீங்கள் இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறீர்கள். அடியில் இருப்பது ஆணியா தங்கமா என்பதைத் தோண்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈயக்குண்டு கிடைத்ததை வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மகிழ்ச்சி தந்த வரியே அதுதான். டிடெக்டரின் காதுக்குச் சின்ன ஈயக்குண்டும் சின்னத் தங்கக்கட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குண்டு உங்களுக்குக் கேட்டிருக்கிறது என்றால், அதே இடத்தில் தங்கம் கிடந்திருந்தாலும் கேட்டிருக்கும்.

வீட்டுக் கொல்லையில் இனி வைத்துப் பார்க்காதீர்கள். மின்கம்பி, வைஃபை, பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து எழுப்பிய சத்தம் அது. கருவியில் கோளாறு இல்லை. காட்டுக்குப் போனதும் முதலில் நாய்ஸ் கேன்சல் செய்யுங்கள். பிறகு உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, குவிக்-ட்ராக் பொத்தானை அழுத்தியபடி காயிலைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்குங்கள். மண் அமைதியாகும்வரை செய்யுங்கள். சென்சிட்டிவிட்டி ஆட்டோவிலேயே இருக்கட்டும். காயில், கூட வந்த 11 அங்குல மோனோ போதும். இரண்டு மாதத்துக்கு வேறு எதையும் தொடாதீர்கள். செட்டிங்கை நாளுக்கொன்றாக மாற்றுகிறவருக்குக் கருவியின் குரல் பழகவே பழகாது.

குரல் என்று நான் சொல்வது பயிற்சியில் வருவது. கிடைத்த ஈயக்குண்டில் ஒன்றை பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டி, சத்தமில்லாத இடத்தில் தரையில் வையுங்கள். காயிலை அதன் மேல் வீசுங்கள். பிறகு ஒவ்வொரு விரல்கடையாக உயர்த்தி, சத்தம் மறையும் இடம்வரை போங்கள். மறைவதற்குச் சற்று முன்னால், நூலிழை போல ஒரு நெளிவு மட்டும் கேட்கும். அந்த நெளிவை ஹெட்போனில் அடையாளம் காணப் பழகுங்கள். நான் பழகிய காலத்தில் ஆறு மாதம் ஓர் ஓடையில் பளிச்சென்று கேட்டதை மட்டுமே தோண்டினேன். பிறகு அதே ஓடைக்குத் திரும்பிப் போய், சந்தேகமாகக் கேட்டவற்றைத் தோண்டியபோதுதான் முதல் தங்கம் கையில் வந்தது. அரிசி அளவு. அதை நான் பலமுறை கடந்து போயிருக்கிறேன் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

காயில் தரையை உரசுவது போலப் போகட்டும். வீச்சு மெதுவாக, முந்தைய வீச்சைப் பாதி மூடியபடி. இரும்பு முனை வைத்த பூட்ஸ் வேண்டாம். கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பிக்காசின் பின்புறம் வலுவான காந்தம் ஒன்றை ஒட்டிவிட்டால், கிளறிய மண்ணில் உள்ள ஆணி தானே ஒட்டிக்கொள்ளும். மிச்ச மண்ணை பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, பாதி பாதியாகப் பிரித்துக் காயில் மேல் காட்டிப் பாருங்கள்.

இடம் நீங்கள் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். டனோலிக்குப் பக்கத்து மோலியாகுலில்தான் 1869-இல் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி, தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே கிடந்தது. 1980-இல் கிங்கோவரில், சுமார் 27 கிலோ எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியை ஒருவர் மெட்டல் டிடெக்டரால் எடுத்தார். இந்தக் கதைகளை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் பழைய தோண்டுமிடங்களின் ஓரத்தில்தான் இன்றும் தங்கம் கிடைக்கிறது. அரசின் ஜியோவிக் வரைபடத்தில் பழைய சுரங்கங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

'மைனர்ஸ் ரைட்' சீட்டு வாங்கிவிட்டீர்களா? நீங்கள் எழுதவில்லை. அது இல்லாமல் தேடுவது குற்றம். ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் செல்லும். மாதாமாதம் லைசென்ஸ் பணம் கட்டச் சொன்னதை எதிர்த்து 1854-இல் பல்லாரட்டின் யுரேகாவில் சுரங்கத் தொழிலாளிகள் உயிரைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த லைசென்ஸ் போய், அதன் இடத்தில் வந்தது இந்தச் சீட்டு. மரியாதையோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் நிலமென்றால் உரிமையாளர் அனுமதி வேண்டும். பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் தேடக் கூடாது. தோண்டிய ஒவ்வொரு குழியையும் மூடுங்கள். இலைதழை மூடிய பழைய சுரங்கக் குழிகள் அந்தக் காட்டில் நிறைய. ஹெட்போன் காதில் இருக்கும்போது பின்வாங்கி நடக்கவே நடக்காதீர்கள். வெயில் காலத்தில் பாம்பும் காட்டுத்தீயும் இருக்கின்றன. குளிர் மாதங்களில் போங்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசியாக, தாத்தா தோட்டம். வேண்டாம். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் உள்ளது. மண்ணில் புதைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனை உண்டு. சொந்த நிலம் என்பதால் விலக்கு கிடைக்காது. சட்டத்தை விடவும் எனக்குப் பெரிய கவலை வேறு. ஒரு பழைய காசு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதையும் வைத்துத்தான் அதன் காலத்தைச் சொல்கிறார்கள். கீழடியில் அடுக்கடுக்காகப் பொறுமையாகத் தோண்டியது அதற்குத்தான். பிக்காசால் பெயர்த்தெடுத்த காசு அதையெல்லாம் சொல்லாது. விக்டோரியாவின் தங்கக்கட்டியோ மண்ணில் தானாக விளைந்தது. அதை எடுப்பதால் யாருடைய வரலாறும் கலையாது.

ஊருக்குப் போகும்போது டிடெக்டர் மெல்போர்ன் வீட்டிலேயே இருக்கட்டும்.