உப்புத்தாள்: எந்த எண்ணை எப்போது எடுப்பது?

தச்சு வேலை பழகும் நம் பிள்ளைகள் மேசையை நன்றாகவே பொருத்திவிடுகிறார்கள். வார்னிஷ் அடித்த பிறகுதான் பலகை முழுக்கக் கீறல் தெரிகிறது. வாங்க வந்தவர் விலையைக் குறைக்கிறார், அல்லது வேண்டாம் என்று போய்விடுகிறார். பல நாள் உழைப்பு ஒரு தாளினால் வீணாகலாமா? ஆகவே இந்தப் பாடத்தில் உப்புத்தாளைப் பற்றிப் பார்ப்போம்.

தாளின் பின்புறம் உள்ள எண்ணைப் பாருங்கள். எண் சிறியதானால் துகள் பெரியது. மரத்தை வேகமாகத் தேய்க்கும், ஆழமான கீறலும் விடும். எண் கூடக் கூடத் துகள் நுண்ணியதாகும். ஒவ்வொரு தாளும் முந்திய தாள் விட்ட கீறலை எடுக்க வேண்டும். 80-இலிருந்து நேராக 220-க்குத் தாவினால் கைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். பழைய கீறல் அப்படியே கிடக்கும். சாயம் ஏறியதும் அது வெளியே தெரியும்.

வெறும் மரத்துக்கு 80, 120, 180 என்று வரிசையாகப் போவோம். இழைப்புளியால் நன்றாக இழைத்த பலகைக்கு 120-இல் தொடங்கினாலே போதும். தாளை ஒரு சமமான மரத்துண்டில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தாள் மாற்றுமுன் பலகையைத் துடைத்து, பென்சிலால் லேசாகக் கோடுகள் போடுங்கள். கோடு எல்லாம் மறைந்தால் எங்கும் சமமாகத் தேய்ந்தது என்று அறியலாம்.

முதல் பூச்சு காய்ந்ததும் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரக்கும். 320-ஆல் லேசாகத் தடவினால் போதும். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் பூச்சு காய்ந்துவிட்டது; தாளில் பிசினாக ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். கடைசிப் பூச்சுக்கு முன் 400. ஓரங்களில் அழுத்தினால் பூச்சு அறுந்து மரம் தெரியும்.

கறுப்பு வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நன்றாக இறுகிய பூச்சின்மேல் மட்டுமே. வெறும் மரத்தில் தண்ணீர் பட்டால் நார் மீண்டும் எழும்பும்.

தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்திருக்கிறது.

பூச்சு அடிக்குமுன் டார்ச்சைப் பலகையின் மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வாங்க வருபவர் கண்ணில் படப்போகும் கீறல் அப்போதே உங்கள் கண்ணில் பட்டுவிடும்.