ஞாயிறு இரவுக்கு ஒயின், மீன் வறுவல், நால்வர் இசை

ஐரோப்பிய இசையில் வீட்டுக் கூடத்துக்கென்றே பிறந்த வகை ஒன்று உண்டு. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கோல் பிடித்து நடத்துகிறவர் கிடையாது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசித்துக்கொள்வார்கள். இசையமைப்பாளர் ஹைடன் இந்த நால்வர் குழுவுக்கு மட்டும் 68 படைப்புகள் எழுதினார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சின்னக் கூடம் உள்ள அடுக்ககங்களில் குடியிருக்கும் நமக்கு, சிம்பொனியைவிட இந்த அறை இசைதான் அளவாகப் பொருந்தும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை ஒயின் அருந்தும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டையும் ஒரே மாலையில் சேர்த்து அனுபவிக்கலாம். ஆனால் வெளிநாட்டுக் கையேடுகள் நம் வெயிலையும் புளியையும் மின்விசிறிச் சத்தத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இது ஏற்கெனவே ஒயின் அருந்துகிறவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அதற்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே அறிவித்தது. கர்ப்பிணிகளும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களும் கோப்பையை விட்டுவிட்டு இசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் குறையாது.

முதலில் பாட்டில். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். ஒயினுக்குச் சாதாரணக் கடையைவிட எலைட் கடை மேல்; குளிரூட்டிய இடத்தில் நாமே எடுத்துப் பார்த்து வாங்கலாம். வெப்பம்தான் ஒயினின் முதல் எதிரி. வாசல் வெயில் படும் அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ கழுத்தில் கசிந்த கறை இருந்தாலோ அந்தப் பாட்டில் எங்கோ வெந்திருக்கிறது என்று பொருள். லேபிளில் அறுவடை ஆண்டு இருக்கும். வெள்ளை ஒயின் என்றால் சமீபத்திய ஆண்டாகப் பாருங்கள். நம் தட்பவெப்பத்துக்குத் திருகு மூடி நல்லது. அதை மட்டமான சரக்கின் அடையாளமாக நினைக்க வேண்டாம்.

நாசிக்கின் சூலா, பெங்களூரை அடுத்த நந்தி மலை அடிவாரத்தின் குரோவர் போன்ற இந்திய ஒயின்களே தொடங்கப் போதும். பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் குரோவரின் திராட்சைத் தோட்டங்களையே பார்த்துவிட்டு வரலாம். திரும்பும்போது பாட்டில் கொண்டுவர நினைக்காதீர்கள். வெளிமாநில மது கையில் இருந்தால் இங்கே சட்டச் சிக்கல்.

அடுத்து குளிர்ச்சி. ‘சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்று எழுதியவர்களின் அறை 17, 18 டிகிரியில் இருந்தது. ஆவடியில் மே மாத இரவிலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினை ஊற்றினால் பழத்தின் மணம் போய்ச் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். ஆகவே சிவப்பையும் பிரிட்ஜில் வைத்து, சாப்பிடுவதற்கு முக்கால் மணி நேரம் முன் வெளியே எடுங்கள். வெள்ளையும் ரோஸும் நேராகப் பிரிட்ஜிலிருந்து மேசைக்கு வரலாம். ஒரு தடவைக்கு 60 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். கோப்பை சூடாவதற்குள் குடித்துவிட்டு மீண்டும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு அந்த இரவின் மொத்தக் கணக்கு 150 மில்லியைத் தாண்டக்கூடாது என்பது என் வரம்பு. அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை எதுவானாலும் சரி.

சமையல்தான் இதில் பெரிய பகுதி. மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் ஒன்றை ஒன்று தூண்டிவிடும். நாக்கு எரியும்போது சிவப்பு ஒயினின் துவர்ப்பு கசப்பாக மாறும். காரம் ஏற ஏற, ஒயினில் துவர்ப்பு குறையவும் லேசான இனிப்பு கூடவும் வேண்டும். சங்கரா மீன் குழம்பு வைத்தால் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை எடுங்கள். புளிக்கு ஈடுகொடுக்கும் புளிப்பும் காரத்தைத் தணிக்கும் இனிப்பும் அதில் உண்டு. வஞ்சிரம் வறுவலுக்கு சோவிஞோன் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை. மிளகாய்த்தூளைப் பாதியாக்கி, கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். வாழைக்காய் வறுவல், தேங்காய் அரைத்த கீரைக் கூட்டு இருக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் செனின் பிளாங்கே போதும்.

ஆட்டுக்கறி மிளகு வறுவலுக்கு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். இதற்கு வேதியியல் காரணமே இருக்கிறது: மிளகுக்கு அதன் மணத்தைத் தருவதில் பங்குள்ள ரோட்டண்டோன் என்ற சேர்மம் ஷிராஸ் திராட்சையிலும் காணப்படுகிறது. மிளகாயைத் தவிர்த்து மிளகை நம்பிச் சமைத்தால் இந்த ஜோடி பிரமாதமாக அமையும். பிரியாணிக்கு, கூடவே தயிர்ப் பச்சடி வரும் என்பதால், சிவப்பைவிட ரோஸ் பாதுகாப்பானது. பஜ்ஜி, மெதுவடை, அப்பளம் போன்ற எண்ணெய்ப் பண்டங்களோடு குமிழி விடும் ஸ்பார்க்ளிங் ஒயின் வாயைக் கழுவிவிட்டது போல் இருக்கும். ரசத்துக்கும் மோருக்கும் ஊறுகாய்க்கும் எந்த ஒயினும் ஒத்துவராது. ரசம் இலைக்கு வருமுன் கோப்பையைக் காலி செய்துவிடுங்கள்.

இனி இசை. முதல் தடவைக்கு நான் சிபாரிசு செய்வது துவோர்ஷாக்கின் ‘அமெரிக்கன்’ நால்வர் இசை. 1893-இல் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது எழுதியது, சுமார் 25 நிமிடம். தொடக்கத்தில் வயோலா எடுக்கும் மெட்டு ஐந்தே ஸ்வரங்களில் நடக்கிறது. அவை நம் மோகனத்தின் ஸ்வரங்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது அங்கே அந்நியமாக உணராது. அடுத்த வாரம் ஹைடனின் 1797-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து ‘சூரிய உதயம்’ என்று பெயர் பெற்றதை எடுங்கள். மற்ற மூவரும் ஒரு நாதத்தைப் பிடித்து நிற்க, முதல் வயலின் மெல்ல மேலேறும். பிறகு ஷூபர்ட்டின் ‘டிரவுட்’ ஐவர் இசை (1819), மொஸார்ட்டின் கிளாரினெட் ஐவர் இசை (1789). பிராம்ஸ் கொஞ்சம் பொறுக்கட்டும்.

நம் ஊரிலிருந்தே தொடங்க விரும்பினால் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) இருக்கிறது. அதில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற குழுவைத் தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதி வாசித்தார். கோடம்பாக்கத்துப் பாடல் பதிவுகளில் தேர்ந்த கைகள், பெயர் தெரியாத பின்னணியிலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்து வாசித்த இசை அது. இந்த நகரம் அதை இன்னும் கொண்டாட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கீர்த்தனை ஒலிக்கும்போது கோப்பை வேண்டுமா என்பதை வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். பக்திப் பாடலுக்கு முன் மது கூடாது என்று பாட்டியோ மாமியாரோ நினைத்தால் அந்த எண்ணத்துக்கு மதிப்புக் கொடுங்கள். கீர்த்தனையை முதலில் கேட்டு முடித்து, ஒயினைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்க, வந்தவர்கள் சிறு சத்தமும் எழுப்பாமல் கேட்டார்கள். சென்னையின் அறை இசைக்கு அதைவிடப் பெரிய முன்னுதாரணம் இல்லை. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அமைதியைத்தான்.

அந்த அமைதியைப் புறநகரில் உண்டாக்க வேலை செய்ய வேண்டும். சி.டி.எச். சாலையிலும் அம்பத்தூர் எஸ்டேட் பக்கமும் இரவு ஒன்பது வரை லாரி ஓயாது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அடங்கும். தண்ணீர் மோட்டாரை முன்பே ஓட்டி முடியுங்கள். மின்விசிறி ஐந்தில் சுற்றினால் செல்லோவின் மெல்லிய பகுதிகள் கரைந்துபோகும்; இரண்டில் வையுங்கள். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல் ஓரடி முன்னால் இழுத்து, உட்கார்ந்த நிலையில் காது இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நால்வரும் கூடத்திலேயே வாசித்தால் எவ்வளவு கேட்குமோ அந்த அளவு ஒலி போதும். பக்கத்து வீட்டாரும் தூங்குவார்கள்.

வரிசை இப்படி: சமையல் முடிந்து பாத்திரங்கள் மேசைக்கு வந்த பிறகு இசையைத் தொடங்குங்கள். முதல் பகுதிக்கு வடையும் முதல் ஊற்றலும். இரண்டாம் பகுதி பெரும்பாலும் மெதுவானது. அதற்குக் கை சும்மா இருக்கட்டும், போனை வேறு அறையில் வையுங்கள். மீதிப் பகுதிகளையும் கேட்டு முடித்த பிறகே சோறு பரிமாறுங்கள். சாப்பிடும்போது இசை வேண்டாம். ‘இன்னொரு துண்டு போடவா’, ‘உப்பு போதுமா’ என்று பேசிக்கொண்டே சாப்பிடுவதுதான் நம் வழக்கம். அந்தப் பேச்சுக்கு அடியில் துவோர்ஷாக்கை ஓடவிடுவது இரண்டுக்கும் அநியாயம். சாப்பிட்டு, கை கழுவி வந்தபின் அந்த மெதுவான பகுதியை மட்டும் இன்னொரு முறை போடுங்கள். முதலில் நழுவிய வயோலா அப்போது தெளிவாகக் கேட்கும்.

மிஞ்சிய ஒயினை மூடி பிரிட்ஜில் நிற்கவைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் மட்டன் குருமாவில் ஊற்றுங்கள்.

நேரடிக் கச்சேரிக்கும் போய்ப் பழகுங்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1890-களில் கட்டியது. வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் இடைவெளி அதிகம் இல்லாத அரங்கு. ஆவடி, அம்பத்தூர் ஆட்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, பார்க் நிலையத்தில் மாறி எழும்பூரில் இறங்கலாம். பூந்தமல்லிக்காரர்களுக்கு நெடுஞ்சாலைப் பேருந்து இருக்கிறது. அன்றைக்கு வெளியில் எதுவும் குடிக்காமல், ஒயினை வீடு திரும்பிய பிறகு தோசையோடு வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் போவதானால் புறப்படும் முன் ஒரு வாய்கூட வேண்டாம்.