திருமூர்த்தி மலையில் ஒரு பகல்

கொங்கு நாட்டின் தென்புறத்தே, உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் திருமூர்த்தி மலை நிற்கின்றது. அடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் கோவிலும், அணையும், அதனை ஒட்டிய பூங்காவும் உள்ளன. வாரமெல்லாம் திருப்பூர்ப் பனியன் தொழிற்கூடங்களில் உழைப்போர், ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றுடன் வந்து மரநிழலில் இளைப்பாறுவதை இங்கே காணலாம்.

அணையில் தேங்கும் நீரிற் பெரும்பகுதி இம்மலையில் பெய்த மழை அன்று. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின்படி, சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து மலைச்சரிவை வளைத்து வெட்டப்பெற்ற 49 கிலோமீட்டர்க் கால்வாய் அதனைக் கொணர்கின்றது. சமமட்டத்தைத் தழுவிச் செல்லும் அதனைக் 'காண்டூர் கால்வாய்' என்பர். ஆங்கிலச் சொல் உழவர் வாயிற்பட்டுத் தமிழோசை பெற்றுவிட்டது!

பஞ்சலிங்க அருவியோ மலைக்கே உரியது. கோவிலிலிருந்து காட்டுவழியே சிறிது தொலைவு ஏறினால் அதனை அடையலாம். வழியிற் குரங்குகள் நம் பையை ஆராய வரும். அவற்றுக்கு உணவிடாதிருத்தல் நன்று.

சில ஆண்டுகளுக்கு முன் 32 மாணவரை அங்கே அழைத்துச் சென்றேன். வானம் தெளிந்திருந்தது. பாறையிடுக்கில் வீழ்ந்த நீரோ பளிங்கு போன்றிருந்தது. திருப்பூரில் நொய்யல் ஆறு சாயக்கழிவால் நிறம் மாறி ஓடியதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். 2011 ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் அவ்வாற்றின் பொருட்டே. எனவே, தெளிந்த நீரைக் கண்டதும் அவர்களை நிறுத்த என்னால் இயலவில்லை.

சாயத் தொழிலாளி ஒருவரின் மகன் மட்டும் கரையில் நின்று நீரையே உற்று நோக்கினான்.

"ஐயா, நீரின் நிறம் மாறுகின்றது" என்றான்.

எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. பிற மாணவர் நகைத்தனர். நானும், "குளிக்க அஞ்சிக் கதை சொல்கின்றாயா?" என்று கடிந்தேன். இன்றும் அதற்காக நாணுகின்றேன்.

"ஒரு குடம் நீரில் ஒரு சிட்டிகைச் சாயம் விழுந்தாலும் எனக்குத் தெரியும், ஐயா" என்றான் அவன் மீண்டும்.

அப்போது முறிந்த பச்சைக் கிளை ஒன்று அருவியில் வீழ்ந்தது. இலைச் சருகுகள் தொடர்ந்தன. என் நெஞ்சு நடுங்கியது. வனக்காவலரை அழைத்தேன்; அவர் மேலே ஒருமுறை நோக்கியவுடன் ஊதலை ஊதினார். அனைவரும் கரையேறி மேட்டுக்கு ஓடினோம்.

காரணம் இது: அருவிக்கு நீர் தரும் குருமலை, குழிப்பட்டிப் பகுதிகள் மிக உயரத்தில் உள்ளன. அங்கே பெருமழை பெய்யுங்கால் கீழே வெயில் காயலாம். செங்குத்தான பாறைச்சரிவில் நீர் தங்க இடமின்மையால், மழை முழுதும் சிறுபொழுதில் திரண்டு இறங்கும். முதலில் நீர் சற்றே கலங்கும், சருகும் சுள்ளியும் வரும், இரைச்சல் வேறுபடும், அதன்பின் வெள்ளம்தான். இதனாலேயே மழைக்காலத்தில் அருவியிற் குளிக்க அடிக்கடி தடை விதிக்கின்றனர். கோவிலைச் சூழ்ந்தும் வெள்ளம் பாய்வதுண்டு.

நாங்கள் மேட்டை அடைந்த சிறிது நேரத்தில், சற்றுமுன் பிள்ளைகள் நின்ற பாறை செந்நீருள் மறைந்தது. ஒருவன் விட்டுவந்த துண்டு சுழன்று சென்றது.

கீழிறங்கியபின் மாணவரை எண்ணினேன். 32 பேர். மறுபடியும் எண்ணினேன். பிறகே புளிச்சோற்றுப் பொட்டலங்களை அவிழ்த்தோம். முதற் பொட்டலத்தை அச்சிறுவனிடம் கொடுத்தேன்.