கணிப்பொறியின் ஆணையும் மோட்டாரின் பணிவும்

சுவிசேஷத்தில் வரும் நூற்றுக்கதிபதி, தன் கீழுள்ள சேவகர் தன் ஒரு சொல்லுக்கும் பணிவதை எடுத்துக்காட்டிப் பேசுகின்றான். சொன்னதைச் சொன்னவாறு செய்வதே நல்ல ஏவலாளனுக்கு இலக்கணம் என்று நாமும் கருதுகின்றோம். ஆயின், ஏவுகின்றவனுடைய வாய் அடைத்துப்போன பின்னும், அவன் முன் சொன்ன சொல்லையே பற்றிக்கொண்டு ஓடுகின்ற ஏவலாளன் ஒருவன் இருப்பானாயின், அவனுடைய பணிவு நன்மை பயக்குமோ? இவ்வினா சமயபாடத்தில் எழுந்ததன்று. நம் ஆய்வுக்கூடத்தில், ஒரு மோட்டாரின் முன் நாம் நின்றபோது எழுந்தது. அதற்கு விடை காணப் புகுமுன், கணிப்பொறியானது மோட்டாரை ஏவும் வகையைச் சிறிது ஆராய்வோம்.

நடக்க இயலாத மாணவர் ஒருவர், வகுப்புக்கு வகுப்பு பிறர் தள்ளும் நாற்காலியில் செல்வதைக் கண்டு, அதனைத் தாமே செலுத்துமாறு செய்தல் கூடுமா என்று நாம் எண்ணினோம். அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியால் 2021-ஆம் ஆண்டில் நியோபோல்ட் என்னும் மோட்டார் பூட்டிய சக்கர நாற்காலி வெளிவந்தமை பலரும் அறிந்ததே. அத்தகைய பெருவேலை நமக்கு எட்டாதது. எனினும், அதன் உட்பொருளைக் கற்றல் எட்டும் என்று துணிந்து, ரிச்சித் தெருவில் 12 வோல்ட்டு மோட்டார் இரண்டும், அவற்றை அடக்கியாளும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும் வாங்கி வந்தோம்.

மோட்டாரைக் கணிப்பொறியோடு நேரே இணைத்தால் என்னை என முதலில் ஒருவர் கேட்டார். கணிப்பொறியின் ஆணைக்கம்பி தரவல்ல மின்னோட்டம் ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்கே. நம் மோட்டாரோ ஓடும்போது 5 ஆம்பியர் உண்கின்றது. புறப்படும்போது உண்பது அதனினும் மிகுதி. அதன் சுருளின் தடை அரை ஓம். நின்ற மோட்டாரில் 12 வோல்ட்டைச் செலுத்தினால், அத்தடை ஒன்றே எதிர்நிற்பதால், 24 ஆம்பியர் பாயும். சுழலத் தொடங்கிய பின்னர் மோட்டார் தானே ஒரு மின்னியற்றியாகி, வரும் மின்னழுத்தத்துக்கு எதிராக ஏறத்தாழ 9.5 வோல்ட்டை எழுப்புகின்றது, எஞ்சிய 2.5 வோல்ட்டே மின்னோட்டத்தைச் செலுத்துவதால் அது 5 ஆம்பியராகக் குறைகின்றது. ஆகவே, சொல்பவனுக்கும் சுமப்பவனுக்கும் இடையே, சொல்லை உணரவும் சுமையைத் தாங்கவும் வல்ல ஒருவன் வேண்டும். அவனே கட்டுப்பாட்டுப் பெட்டி.

இப்பெட்டி நம் நகருக்குப் புதியதன்று. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் வண்டி ஓடியது சென்னையில்தான். அது 1895-ஆம் ஆண்டில். மயிலாப்பூர் மக்களும் ஏறிச்சென்ற அவ்வண்டிகள் 1953-ஆம் ஆண்டில் நின்றுபோயின. டிராம் செலுத்துவோன் முன்னே ஒரு பித்தளைப் பிடியும் அதன் கீழ் ஒரு பெட்டியும் இருப்பது வழக்கம். முதற் படியில் தடைச்சுருள்கள் யாவும் மின்வழியில் நிற்கும். பிடியைத் திருப்பத் திருப்ப அவை ஒவ்வொன்றாய் விலகும். முதலில் ஒன்றன்பின் ஒன்றாய் இணைந்திருந்த இரு மோட்டார்களும் பின்னர் அருகருகே இணைந்து முழுவிசை பெறும். மேற்சொன்ன தொடக்க மின்னோட்டத்தை அடக்கவே இவ்வளவு ஏற்பாடும். ஆனால் தடைச்சுருளில் மின்சக்தியின் ஒரு பகுதி வெறும் வெப்பமாய் வீணாயிற்று.

இக்காலத்துப் பெட்டி வேறொரு வழியை மேற்கொள்ளுகின்றது. அதனுள் இருக்கும் மின்னணுச் சாவிகள் மோட்டாரின் மின்வழியை நொடிக்கு 20,000 முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையிலும் நூற்றில் 20 பங்கு நேரம் மட்டும் வழி இணைந்திருக்குமாயின், மோட்டார் உணரும் சராசரி அழுத்தம் 2.4 வோல்ட்டு, 60 பங்காயின் 7.2 வோல்ட்டு. சுருளின் இயல்பு மின்னோட்டத்தைத் திடீரென மாறவிடாமல் காப்பதால், அது துள்ளாமல் ஒழுகுகின்றது. முற்றும் இணைந்த சாவியிலும் முற்றும் பிரிந்த சாவியிலும் வெப்பம் சிறிதே பிறக்கும். ஆகையால் வீணும் சிறிதே. நான்கு சாவிகளை உரியவாறு அமைத்துவிட்டால், மின்னோட்டத்தின் திசையை மாற்றி நாற்காலியைப் பின்னோக்கியும் செலுத்தலாம்.

இனி, கணிப்பொறி இப்பெட்டியோடு பேசும் வகையைக் காண்போம். பேசுதற்கு மூன்று கம்பிகள் போதும்: அனுப்புவது ஒன்று, பெறுவது ஒன்று, இருவர்க்கும் பொதுவான தரைக்கம்பி ஒன்று. ஒருவர் அனுப்பும் கம்பி மற்றவர் பெறும் முனையில் சேர வேண்டும். நாம் முதல்நாள் அனுப்புவதோடு அனுப்புவதைச் சேர்த்துவிட்டு, ஒருவர் வாயை மற்றவர் வாயோடு வைத்தவர்போல நெடுநேரம் விழித்திருந்தோம். மின்னழுத்தமும் பொருந்த வேண்டும். 1960-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 என்னும் முறையில் குறிகள் நேர் அழுத்தத்துக்கும் எதிர் அழுத்தத்துக்கும் இடையே மாறுகின்றன. சிறு கருவிகளுள் பலவோ சுழிக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மட்டும் மாறுவன. இடையே மாற்றுக்கருவி இன்றி இணைத்தால் பெட்டி கெடும்.

எழுத்துகள் கம்பியில் ஒருசேரச் செல்வதில்லை. கோயில் வாயிலில் வரிசையாய் நுழையும் அடியார்போல, ஒவ்வொரு பிட்டாகச் செல்லுகின்றன. ஆஸ்கி அட்டவணையில் எம் என்னும் ஆங்கில எழுத்துக்கு எண் 77. அதனை ஒன்றும் சுழியுமாக எழுதி, கடைசி இலக்கத்தை முதலாகக் கொண்டு அனுப்பினால், 1, 0, 1, 1, 0, 0, 1, 0 என எட்டுப் பிட்டுகள் வரும். முன்னே தொடக்கப் பிட்டு ஒன்றும் பின்னே முடிவுப் பிட்டு ஒன்றும் சேர, எழுத்தொன்றுக்குப் பத்தாகும். வேகத்தைக் குறிக்கும் பாட் என்னும் அளவை, தந்திமுறை கண்ட பிரெஞ்சுப் பொறியாளர் எமில் போதோவின் பெயரால் வந்தது. 9600 பாட் வேகத்தில் பிட்டு ஒன்று நொடியைப் பத்து லட்சமாய்ப் பகுத்ததில் ஏறத்தாழ 104 பங்கு நிற்கும். இவ்வேகத்தில் இருவரும் உடன்பட்டிருத்தல் இன்றியமையாதது. ஒருவர் 9600-லும் மற்றவர் 4800-லும் இருப்பாராயின், கேட்பவர்க்குக் கிட்டுவது பொருளற்ற குறிகளே.

நாம் வகுத்துக்கொண்ட ஆணை எளியது. எம் என்னும் எழுத்து மோட்டாரைக் குறிக்கும். அடுத்த மூன்று இலக்கங்கள் நூற்றில் எத்தனை பங்கு விசை என்பதைக் குறிக்கும். இறுதியில் வரிமுடிவுக் குறி. எனவே எம்020 என்றால், 20 பங்கு விசையோடு செல்க என்பது பொருள்.

இங்கே ஒரு தொல்லை உண்டு. மோட்டாரின் கம்பியிலிருந்து எழும் மின்னிரைச்சல் ஆணைக்கம்பியிற் புகுந்து பிட்டுகளைக் கெடுக்கும். 2 என்னும் இலக்கத்தின் ஆஸ்கி எண் 50. 6-இன் எண் 54. இவ்விரண்டுக்கும் வேற்றுமை ஒரே பிட்டு. அந்த ஒரு பிட்டு மாறினால் 20 என்பது 60 ஆகிவிடும். மெல்லச் செல்லவேண்டிய நாற்காலிக்கு மும்மடங்கு விசை கிட்டிவிடும். இதனைத் தடுக்க, ஆணையின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டி, அத்தொகையையும் உடன் அனுப்புகின்றோம். 77, 48, 50, 48 இவற்றின் கூட்டுத்தொகை 223. பெட்டியிற் சேர்ந்தது எம்060 ஆயின், அதன் தொகை 227; உடன் வந்த 223-ஓடு இது பொருந்தாமையால் பெட்டி அவ்வாணையைத் தள்ளிவிடும். இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்னும் குறை இம்முறைக்கு உண்டு. ஆதலின் பெருங்கருவிகளில், வகுத்து மீதி காணும் வலிய முறையைக் கையாளுகின்றனர். அன்றியும் நாம் ஆணைக்கம்பிகளை முறுக்கி, மோட்டார்க் கம்பிகளினின்றும் விலக்கி வைத்தோம்.

இவ்வளவும் முடிந்தபின் நாற்காலியின் சக்கரங்கள் தரையிற் படாதவாறு அதனைக் கட்டைகளின்மேல் நிறுத்திச் சோதித்தோம். எம்020 என ஏவினோம், சக்கரம் சுழன்றது. எம்060 என்றோம், விரைந்தது. யாவரும் மகிழ்ந்திருக்கையில் ஒருவருடைய கால் தட்டி ஆணைக்கம்பி கழன்றது. கணிப்பொறியில் எம்000 என்று நாம் பலமுறை அனுப்பியும் சக்கரம் நிற்கவில்லை. தனக்கு இறுதியாகக் கிட்டிய சொல்லை உண்மையோடு பற்றிக்கொண்டு அது ஓடிக்கொண்டேயிருந்தது. மின்கலத்தின் இணைப்பை ஒருவர் பிடுங்கிய பின்னரே நின்றது. கூடத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. அந்நாற்காலியில் நம் நண்பர் அமர்ந்திருந்தால், முன்னே மாடிப்படி இருந்தால் என்னும் எண்ணமே யாவருடைய முகத்திலும் இருந்தது.

பெட்டியின் கையேட்டை மீண்டும் புரட்டியபோது, ஆணை வராது குறித்த நேரம் கழிந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு அதில் இருப்பதையும், நாம் அதனைத் தொடங்கிவைக்காததையும் கண்டோம். பிழை நம்முடையதே. ஓடும் வழியைக் கூறும் பக்கங்களை ஊன்றிப் படித்த நாம், நிற்கும் வழியைக் கூறும் பக்கத்தைத் தாண்டிவிட்டோம்.

இவ்வுண்மையை ரயில் பொறியாளர் நெடுங்காலமாக அறிவர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, மாம்பலம் வழியாக, மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். உலகெங்கும் மின்சார ரயில்களில், ஓட்டுநர் அழுத்தியே இருக்கவேண்டிய பிடி ஒன்றை அமைக்கும் வழக்கம் பரவியது. அவர் மயங்கிவிழுந்து கை தளருமாயின், மின்சாரம் அறுபட்டு வண்டி தானே நின்றுவிடும். செல் என்பதற்கு இடைவிடாத ஆணை வேண்டும். நில் என்பதற்கோ மௌனமே போதும். இதுவே அப்பிடியின் தத்துவம். தியாகராயநகர், மயிலாப்பூர் வழியாகக் கலங்கரை விளக்கத்தை எட்டுமாறு அமைக்கப்படும் மெட்ரோ வழி, ஓட்டுநரில்லா வண்டிகளுக்கென்றே வகுக்கப்பட்டது. பிடிக்கும் கையே இல்லாத அவ்வண்டிகளுக்கு இத்தத்துவம் இன்னும் இன்றியமையாததன்றோ?

ஆகவே நாம் மூன்று திருத்தங்களைச் செய்தோம். முதலாவது, ஆணையை ஒருமுறை சொல்லிவிடாமல் நொடிக்குப் பத்துமுறை சொல்லுகின்றோம். கூட்டுத்தொகையோடு எட்டு எழுத்தான ஆணை கம்பியிற் செல்ல நொடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்குக்குச் சற்று மிகுதியே ஆகும். ஆதலின் கம்பிக்குப் பளுவில்லை. நொடியில் 10-இல் 3 பங்கு நேரம் ஆணை வராவிடின் பெட்டி மோட்டாரை நிறுத்தும். மணிக்கு 3 கிலோமீட்டர் செல்லும் நாற்காலி அந்நேரத்தில் கடப்பது 25 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சிறிது மிகுதி.

இரண்டாவது, ஆணையைத் தானே திரும்பத் திரும்பச் சொல்லும் வேலையைக் கணிப்பொறியின் ஒரு மூலையில் தனியே விட்டுவைக்கவில்லை. அவ்வாறு விட்டால், அமர்ந்திருப்பவருடைய கை நெம்புகோலை விட்ட பின்னும் அது பழைய சொல்லையே ஓதும், பெட்டியும் ஏமாறும். ஒவ்வொரு முறையும் நெம்புகோலின் நிலையை அறிந்த பிறகே ஆணை புறப்படுமாறு அமைத்தோம்.

மூன்றாவது, கணிப்பொறியையோ பெட்டியையோ கேளாமல் மின்கலத்தின் வழியை நேரே அறுக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்றை, நண்பர் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்தினோம். எழுத்திற் பிழையிருக்கலாம், அறுபட்ட கம்பியிற் பிழையிராது.

பின்னர் நாமே கம்பியைக் கழற்றியும், கணிப்பொறியை இடையில் அணைத்தும், ஆணையில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றியும் பலமுறை சோதித்தோம். ஒவ்வொரு முறையும் சக்கரம் நின்ற பின்னரே கட்டைகளை எடுத்தோம். நாற்காலியில் முதலில் ஏறி அமர்ந்தவர், முன்னர்க் கம்பியைத் தட்டிவிட்டவரே. அவருக்குப் பின் நம் நண்பர் அமர்ந்து, தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாமே சென்று, பிடியை விட்டு நின்று, நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தாம் நினைத்தபோது நிற்க முடிந்ததே அவருக்குப் பெருமகிழ்ச்சி தந்ததெனக் கூறினார்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை. சொல்லுக்குப் பணிவது ஏவலின் ஒரு பாதி. சொல் நின்றபோது தானும் நிற்பது மறுபாதி. இனி இத்தகைய கருவிகளைச் செய்யப்புகும் நம் மாணவ நண்பர்கள், அதனை எவ்வாறு ஓட்டுவது என ஆராயுமுன், அது எவ்வாறு நிற்கும் என்பதை முதலில் எழுதிவைத்துக்கொள்வார்களாக.