மாமியார் கண்ணுக்குத் தெரியாத சோர்வு

என் மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் பகல் பதினொரு மணிக்கே படுத்துவிடுகிறாள். அம்மா அதைச் சோம்பல் என்கிறார். நடுவில் நான் என்ன செய்ய?
— வாசகர், ஈரோடு

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். மகன் சொன்னால் ‘பெண்டாட்டி பேச்சு’; டாக்டர் சொன்னால் வேதவாக்கு!

நரம்பைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் நோய் இது. சோர்வு அதன் மிகப் பரவலான அறிகுறிகளில் ஒன்று. வெளியே தெரியாது, தூங்கி எழுந்தாலும் முழுதாக விலகாது. உடல் சூடேறினால் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். ஜெர்மன் கண் மருத்துவர் உட்ஹாஃப் 1890-லேயே இதைக் கவனித்திருக்கிறார். ஆக, வெயில் ஏறிய பிறகு அடுப்படியில் நிற்க வைக்காதீர்கள். சமையல் காலையிலேயே முடியட்டும்; நீங்களும் கரண்டி பிடிக்கலாம், குடி முழுகிவிடாது.

அதற்காக எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம். எது முடியும், எதற்குக் கை வேண்டும் என்று உங்கள் மனைவியே சொல்லட்டும்.

இதில் நீங்கள் தனியாக இல்லை. 1945-ல் நியூயார்க்கில் சில்வியா லாரி என்பவர், இந்நோயுள்ள தம்பிக்காக, குணமானவர்களைத் தேடி நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். பதில் எழுதியவர்களில் பலர் அவரைப் போலவே வழி தேடியவர்கள். மறு ஆண்டே அது ஒரு சங்கமானது. இந்தியாவிலும் 1985 முதல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் இயங்குகிறது; சென்னையில் கிளை உண்டு. இருவருமாகத் தொடர்புகொள்ளுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் இந்நோய் இருக்கிறது. சான்றிதழ் பற்றியும் அங்கேயே விசாரித்துவிடலாம்.